சித்தப்பா ஃபார்வர்டும் ஒரு அஃபிடவிட்டும்

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், எல்லாரும் சாப்ட்டுட்டு கண்ணசர்ற நேரம் பாத்து எங்க ஃபேமிலி குரூப்புல சித்தப்பா ஒரு ஃபார்வர்ட் போட்டாரு. செண்பகம் துரைராஜன்னு ஒரு பொண்ணு 1950-ல மெட்ராஸ்ல மெடிக்கல் காலேஜுக்கு அப்ளை பண்ணுச்சாம், மார்க் அள்ளியிருந்துச்சாம், ஜாதியக் காட்டி சீட் இல்லன்னுட்டாங்களாம், சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய் ஜெயிச்சுச்சாம். கீழ ரெண்டு கும்பிடு, ஒரு கொடி. அஞ்சு நிமிஷம் ஆகல, அத்தை பையன் எதிர் ஃபார்வர்ட் இறக்கிட்டான். அந்தம்மா அப்ளிகேஷனே போடல, போட்டதா பொய் அஃபிடவிட் (கோர்ட்டுல குடுக்குற சத்திய வாக்குமூலம்) தாக்கல் பண்ணி கோர்ட்டையே ஏமாத்துச்சு, இதான் அவன் போட்டது. அப்புறம் என்ன, சாயங்காலம் வரைக்கும் குரூப் ரணகளம். நான் "ரெண்டு பேருல யாராச்சும் தீர்ப்பப் படிச்சீங்களா"ன்னு கேட்டேன். சித்தப்பா "ஏம்மா, நீ என்ன பெரிய வக்கீலா"ன்னாரு.

வக்கீல் எல்லாம் இல்ல, பேங்க்ல கேஷ் எண்ணுறவ. ஆனா பழைய பேப்பர் படிக்குற கிறுக்கு ஒண்ணு எனக்கு உண்டு, ராத்திரி பசங்க தூங்குனதும் லேப்டாப்ப எடுத்துட்டு உக்காந்துடுவேன். அன்னைக்கும் அப்படித்தான் உக்காந்தேன். அதுக்கப்புறம் மூணு வாரம் இந்த ஒரு கேஸ் பின்னாடியே அலைஞ்சதுல என்ன கிடைச்சுது, எங்க கிடைச்சுதுன்னு எழுதி வச்சா யாருக்காச்சும் உதவும்னு தோணுச்சு. அரசியல் வரலாறு தேடுறவங்க முக்காவாசி பேர் கட்டுரையோட நிறுத்திக்கிறாங்க, அந்தக் கட்டுரைக்கு அடியில இருக்குற அசல் காகிதம் இப்ப வீட்டுலயே உக்காந்து படிக்குற மாதிரி ஸ்கேன் பண்ணி கிடக்குதுங்குறதே பாதிப் பேருக்குத் தெரியல.

மொதல் சிக்கலே பேரு. நாம செண்பகம்னு எழுதுறோம், சரி, அதே மாதிரி இங்கிலீஷ்ல அடிச்சா ஒண்ணும் வராது. கோர்ட் ரெக்கார்டுல 'சம்பகம் டோரைராஜன்'ங்குற மாதிரி ஸ்பெல்லிங் போட்டிருக்காங்க. அந்தக் காலத்து மெட்ராஸ் கிளார்க் காதுக்கு எப்படிக் கேட்டுச்சோ அப்படித்தான் எல்லாப் பேரும் எழுதியிருக்கும், துரை டோரை ஆயிருக்கும், திருநெல்வேலி டின்னவேலி ஆயிருக்கும். அதனால நான் பேர முழுசா அடிக்கவே மாட்டேன். நடுவுல ஒரு துண்டு மட்டும் அடிப்பேன், ஏன்னா ஸ்கேன்ல இருந்து எழுத்த உருவுற அந்த ஓ.சி.ஆர். இருக்கே, அது வரிக் கடைசியில உடைஞ்ச வார்த்தைய ரெண்டு வார்த்தையாக்கிடும், இங்கிலீஷ் 'r'-ம் 'n'-ம் பக்கத்துல வந்தா சேத்து 'm' ஆக்கிடும்.

பேரு கிடைச்சா அடுத்து தீர்ப்போட சைட்டேஷன், அதாவது தீர்ப்புத் தொகுப்புல எந்த வருஷம், எந்தப் பக்கத்துல இருக்குங்குற அடையாளம். 1951 எஸ்.சி.ஆர். 525, இல்லன்னா ஏ.ஐ.ஆர். 1951 எஸ்.சி. 226. இந்த நம்பர் கையில இருந்தா தேடுறதே இல்ல, நேராப் போய் எடுத்துக்கலாம். இந்தியன் கானூன்ங்குற வெப்சைட்டுல டெக்ஸ்ட்டா இருக்கு, சுப்ரீம் கோர்ட்டே 2023-ல ஆரம்பிச்ச இ-எஸ்.சி.ஆர்.ல அச்சான பக்கமாவே பி.டி.எஃப். கிடைக்குது, ரெண்டும் இலவசம். நான் மொதல்ல டெக்ஸ்ட்டப் படிப்பேன், மேற்கோள் காட்டணும்னா மட்டும் பி.டி.எஃப்.ஓட ஒப்பிட்டுக்குவேன்.

தீர்ப்பு வந்தது 1951 ஏப்ரல் 9. ஏழு ஜட்ஜு, எழுதுனது எஸ்.ஆர்.தாஸ். பயப்படாதீங்க, சின்னத் தீர்ப்புதான், ஒரு காப்பி ஆறுறதுக்குள்ள படிச்சுடலாம். கேஸுக்குக் காரணமான கம்யூனல் ஜி.ஓ., அதாவது ஜாதி மதவாரியா சீட்டப் பங்கு போட்ட அரசாணை, அதுலயே தெளிவா இருக்கு: ஒவ்வொரு 14 சீட்டுக்கும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பின்தங்கிய இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் இந்தியக் கிறிஸ்தவர் சேத்து 1, முஸ்லிம்களுக்கு 1. மொத்த ராஜ்ஜியத்துக்கும் அப்போ நாலு மெடிக்கல் காலேஜ், 330 சீட்டு. ஆந்திராவோட பெரும்பகுதியும் மலபாரும் சேந்த மெட்ராஸ் அது, அத நெனச்சுட்டுப் படிங்க.

இப்ப அந்த இடத்துக்கு வரேன். 1950 ஜூன் 7-ல செண்பகம் ஹைகோர்ட்டுக்குப் போறாங்க. விசாரிச்சதுல தான் பிராமண சமூகங்குறதால சீட் கிடைக்காதுன்னு தெரிஞ்சுச்சுன்னு அவங்க சொன்னதா தீர்ப்பு சொல்லுது. அதுக்கு அடுத்தாப்புலயே, அவங்க உண்மையிலேயே அப்ளை பண்ணி மறுக்கப்பட்டதா அவங்க அஃபிடவிட்டுல தெரியலன்னும் சொல்லுது. அப்புறம் ஏன் கேஸ எடுத்தாங்க? ஜெயிச்சா ஒரு சீட்டு ஒதுக்கி வைக்குறோம்னு அரசாங்கத் தரப்பு ஒத்துக்கிட்டிருக்கு, அதனால இந்த விசேஷ சூழ்நிலையில இதத் துருவ வேண்டாம்னு விட்டிருக்காங்க. விட்டுட்டு கூடவே ஒரு எச்சரிக்கையும் போட்டிருக்காங்க: அப்ளையே பண்ணாத ஒருத்தர் அடிப்படை உரிமை போச்சுன்னு கோர்ட்டுக்கு வர்றத நாங்க ஆமோதிக்குறதா யாரும் எடுத்துக்கக் கூடாதுன்னு.

ஆக சித்தப்பா ஃபார்வர்ட் தப்பு. அப்ளை பண்ணி மறுக்கப்பட்ட கதை தீர்ப்புல இல்ல. அத்தை பையன் ஃபார்வர்டும் தப்புதான், ஏன்னா அப்ளை பண்ணதா பொய் சொன்னாங்கன்னு கோர்ட் எங்கயும் சொல்லல, அப்படி ஒரு பேச்சே அஃபிடவிட்டுல தெரியலன்னுதான் சொல்லுது. ரெண்டுக்கும் எவ்ளோ தூரம் பாருங்க!

சித்தப்பாவுக்கு நியாயமா ஒண்ணு சொல்லணும், அவரு சொன்ன கதை அப்படியே பொருந்துற ஆள் அதே தீர்ப்புல இருக்காரு. பேரு சி.ஆர்.சீனிவாசன், இன்ஜினியரிங் காலேஜுக்கு நெஜமாவே அப்ளை பண்ணவரு, கணக்குல எடுத்துக்குற பாடங்கள்ல 450-க்கு 369. மார்க் மட்டும் பாத்திருந்தா இவருக்கு சீட் கிடைச்சிருக்கும்னு அரசாங்கத் தரப்பே ஒத்துக்குச்சு. இவருக்காக ஹைகோர்ட்டுல வாதாடுனது அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர், அரசியல் சட்ட வரைவுக் குழுவுல இருந்த அதே அல்லாடி. ஆனா பேரு நெலச்சது செண்பகத்துக்கு, கேஸ் தலைப்புல அவங்க பேரு வந்ததால.

நான் சொல்ல வர்றது இவ்ளோதான், ஒரு காகிதத்தோட நிக்காம அது எந்தக் காகிதத்தக் கைகாட்டுதோ அதுக்குப் போங்க. உதாரணமா அதே ஏப்ரல் 9-ல அதே ஜட்ஜுங்க இன்னொரு மெட்ராஸ் தீர்ப்பும் குடுத்தாங்க, வெங்கடரமணா கேஸ், ஏ.ஐ.ஆர்.ல மூணே பக்கம் தள்ளி 229-ல இருக்கு. அத யாரும் ஃபார்வர்ட் பண்றதில்ல. டிஸ்ட்ரிக்ட் முன்சீப், அதாவது கீழ்க்கோர்ட் ஜட்ஜு வேலை, 83 போஸ்ட்டு, அரிஜனங்களுக்கு 19, முஸ்லிம்களுக்கு 5, கிறிஸ்தவர்களுக்கு 6, பின்தங்கிய இந்துக்களுக்கு 10, பிராமணரல்லாத இந்துக்களுக்கு 32, பிராமணர்களுக்கு 11. இதுல அரிஜனங்களுக்கும் பின்தங்கிய இந்துக்களுக்கும் ஒதுக்குனது சட்டப்படி சரிதான்னு சொல்லிட்டு மத்த பங்கீட்டத்தான் தப்புன்னாங்க. காரணம், அரசு வேலையில பின்தங்குனவங்களுக்கு ஒதுக்கலாம்னு அரசியல் சட்டத்துல 16(4) பிரிவு இருந்துச்சு, ஜாதி மதம் பாத்து காலேஜ் சீட்ட மறுக்கக் கூடாதுன்னு சொல்ற 29(2)-ல அப்படி ஒரு விதிவிலக்கு இல்ல. ரெண்டு தீர்ப்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிச்சாத்தான் சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லுச்சுன்னே புரியும். கம்யூனல் ஜி.ஓ.வ மொத்தமா தூக்கிப் போட்டாங்கன்னு மட்டும் படிச்சவங்களுக்கு இது கொஞ்சம் அதிர்ச்சியாத்தான் இருக்கும், எனக்கே இருந்துச்சு.

அந்த 16(4) எங்க இருந்து வந்துச்சுன்னு பின்னாடி போனா அரசியல் நிர்ணய சபை விவாதம். 1946 டிசம்பர் 9-ல இருந்து 1950 ஜனவரி 24 வரைக்கும் பேசுனது மொத்தமும் வார்த்தை வார்த்தையா ஆன்லைன்ல இருக்கு, தேதி போட்டும் தேடலாம், பேசுன ஆள் பேர் போட்டும் தேடலாம். நமக்கு வேண்டியது 1948 நவம்பர் 30. ஒண்ணு கவனிங்க, அன்னைக்கு அது 16 இல்ல, வரைவுல 10. இந்த நம்பர் மாத்தம் தெரியாம நான் ஒரு ராத்திரி முழுக்க 16-ன்னு தேடி முட்டாளானேன். அன்னைக்கு டி.டி.கிருஷ்ணமாச்சாரி எழுந்து இது வக்கீல்களுக்கு சொர்க்கமா இருக்கப் போவுதுன்னு கிண்டல் பண்றாரு, மூணே வருஷத்துல அதான் நடந்துச்சு. அம்பேத்கர் பதில்ல பின்தங்குன சமூகம்னா அரசாங்கத்தோட கருத்துல எது பின்தங்கியிருக்கோ அதுன்னு சொல்றாரு. அதே பேச்சுல கொஞ்சம் முன்னாடி, 100-ல 70 ஒதுக்கிட்டு 30-தான் பொதுவுல விட்டா சம வாய்ப்புங்குறதுக்கே அர்த்தம் இல்லாமப் போயிடும், ஒதுக்கீடு குறைவான இடங்களுக்குள்ளதான் நிக்கணும்ங்குற மாதிரியும் சொல்றாரு. இந்தப் பேச்ச ஆளாளுக்கு வேண்டிய பாதிய மட்டும் வெட்டி போஸ்டர் அடிக்குறாங்க. முழுப் பேச்சும் ஸ்க்ரோல் பண்ணுனா சில நிமிஷம்தான், படிங்க சாமி.

தீர்ப்புக்கு அப்புறம் நடந்ததப் பாத்தா 1951 மே, அரசியல் சட்டத்தோட முதல் திருத்தம். இது பார்லிமென்ட் டிஜிட்டல் லைப்ரரில இருக்கு. அப்ப இருந்தது தேர்தல் நடக்குறதுக்கு முந்தின தற்காலிக பார்லிமென்ட், அதனால லோக்சபான்னு தேடினீங்கன்னா கோட்ட விட்டுடுவீங்க. நேரு மே கடைசியில பேசுறப்ப இது மெட்ராஸ்ல நடந்ததுனால வந்த விஷயம்தான், மூடி மறைக்க ஒண்ணுமில்லன்னு நேராவே ஒத்துக்குறாரு. ஆனா எனக்கு அந்தப் பேச்ச விட ருசியா இருந்தது மசோதாவும் சட்டமும். மே 12-ல தாக்கல் பண்ண மசோதாவுல 15(3) பிரிவோட சேக்கச் சொன்ன வாசகம் எந்தப் பின்தங்கிய வகுப்போட "கல்வி, பொருளாதார அல்லது சமூக" முன்னேற்றத்துக்கும்னு போகுது. மசோதாவ அலசுற எம்.பி.ங்க குழுவான செலக்ட் கமிட்டிக்குப் போய்ட்டு 15(4)-னு தனிப் பிரிவா வந்தப்ப பொருளாதாரம் காணோம், "சமூக ரீதியாவும் கல்வி ரீதியாவும் பின்தங்கிய"ன்னு 340-வது பிரிவுல ஏற்கனவே இருந்த வாசகத்த ஒட்டி மாத்தியிருக்காங்க, பட்டியல் சாதி பழங்குடியும் சேந்திருக்கு. ஜூன் 18-ல அது சட்டம். இன்னைக்கு வரைக்கும் டிவில கத்திட்டிருக்குற ஒரு சண்டை, ரெண்டு பி.டி.எஃப்.ப பக்கத்துல வச்சா கண்ணுக்கு நேரா தெரியுது. நான் ஒரு ஸ்கிரீன்ல அதயும் இன்னொண்ணுல இதயும் வச்சு பென்சில் பிடிச்சு வார்த்தை வார்த்தையா டிக் அடிச்சேன், பேங்க்ல வவுச்சர் டேலி பண்ற மாதிரி.

இங்கிலீஷ் ரெக்கார்டு இவ்ளோ சுலபம். தமிழுக்கு வந்தா முதுகு ஒடியும்.

தமிழ்ப் பத்திரிகை, துண்டுப் பிரசுரம் இதுக்கெல்லாம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகம் ஒரு பெரிய கிடங்கு. தரமணில இருக்குற ரோஜா முத்தையா நூலகம் தெரிஞ்சிருக்கும், கோட்டையூர்ல ஒரு செட்டியார் வாழ்நாள் முழுக்க சேத்தது, அவரு போனப்புறம் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி 1994-ல இங்கயே நூலகமா நெலக்க வச்சுது. பழைய வாரப் பத்திரிகை எல்லாம் இந்த மாதிரி இடங்கள்லதான். ஆனா தமிழ் ஸ்கேனுக்குள்ள வார்த்தை போட்டுத் தேடலாம்னு நெனச்சுடாதீங்க. 1978-க்கு முன்னாடி அச்சுல 'லை' 'னை' 'ணா' 'றா' எல்லாம் கொம்பு வச்ச பழைய எழுத்து, ஓ.சி.ஆர். அதப் பாத்தா திருதிருன்னு முழிக்கும். விடுதலை, குடி அரசு மாதிரி பெரியாரோட பத்திரிகைங்க மட்டும் 1935-லயே சீர்திருத்த எழுத்துக்கு மாறிடுச்சு, அதனால அது கொஞ்சம் தேவலாம். மத்ததுக்கு ஒரே வழி, தேதியக் கையில வச்சுக்கிட்டு பக்கம் பக்கமா கண்ணால பாக்குறது. எனக்கு இருந்த தேதிங்க: ஹைகோர்ட் தீர்ப்பு 1950 ஜூலை 27, பெரியார் கம்யூனல் ஜி.ஓ. நாள்னு அறிவிச்ச ஆகஸ்ட் 14, அப்புறம் ஏப்ரல் 9. இந்த மூணு தேதிக்கும் அடுத்த ஒரு வாரம் மட்டும் பாத்தேன். தலைப்புல தமிழ் வருஷம் மட்டும் போட்ட பத்திரிகையும் உண்டு, 1950 சித்திரைல இருந்து விக்ருதி, அடுத்தது கர, இந்த ரெண்டையும் ஒரு சீட்டுல எழுதி லேப்டாப்புல ஒட்டி வச்சிருந்தேன், பாத்த என் பொண்ணு "அம்மா இது யாரு கரா"ன்னு கேட்டுச்சு.

வார்த்தையும் இன்னைக்குள்ளது வேலைக்கு ஆகாது. இட ஒதுக்கீடுன்னு தேடினா 1950-ல பெருசா ஒண்ணும் ஆப்படாது, அப்ப வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம், வகுப்புவாரி உரிமை, இல்ல சும்மா கம்யூனல் ஜி.ஓ. அவ்ளோதான். இங்கிலீஷ்லயும் அதே கதை, ரிசர்வேஷன்னு போடுறத விட கம்யூனல் ரொட்டேஷன், டிப்ரஸ்ட் கிளாசஸ், நான்-பிராமின் ஹிந்துன்னு போட்டாத்தான் கதவு திறக்கும். அந்தக் காலத்து ஆளு வாயில என்ன வார்த்தை இருந்துச்சோ அத நாம மொதல்ல கத்துக்கணும், சில வார்த்தை இன்னைக்கு நமக்குக் கூசும், ஆனா தேடுற பொட்டில அதத்தான் அடிச்சாகணும்.

ஜி.ஓ. தேடுறதுக்கு ஒரு சூட்சுமம் இருக்கு. நம்பர் மட்டும் வச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது, டிபார்ட்மென்ட்டும் தேதியும் சேந்தாத்தான் அட்ரஸ். இந்த கேஸ்ல அடிபட்ட 1950 ஜூன் 16 ஜி.ஓ. 2208, அதுக்குப் பின்னாடி கல்வித் துறை 1254, தேதி 17-5-1948. இப்படியே ஒண்ணு புடிச்சு ஒண்ணு போனா கடைசியில 1921 செப்டம்பர் 16 தேதியிட்ட 613-ல, நீதிக்கட்சி ஆட்சியில பனகல் அரசர் காலத்துல போய் நிக்கும். ஒரு ஜி.ஓ.வுக்கு மேல 'படிக்க'ன்னு பழைய ஜி.ஓ. நம்பருங்க போட்டிருப்பாங்க பாருங்க, அதான் படிக்கட்டு. இதுக்கெல்லாம் அசல் எழும்பூர் ஆவணக் காப்பகத்துலதான், லேப்டாப்புல முடியுற வேலை இல்ல, லீவு போடணும்.

டெல்லி பக்கத்து ஃபைலுக்கு தேசிய ஆவணக் காப்பகத்தோட அபிலேக் படல்ங்குற வெப்சைட் இருக்கு. ரிஜிஸ்டர் பண்ணிட்டு உள்ள போகணும். அதுல ஃபைல் தலைப்புல இருக்குற வார்த்தையத்தான் தேடணும், உள்ள இருக்குற பேர அடிச்சுட்டு ஒண்ணும் வரலன்னு மூடிட்டுப் போயிடாதீங்க. வெள்ளைக்காரன் காலத்துல ஒவ்வொரு மாகாணமும் பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா உள்துறைக்கு அனுப்புன அரசியல் நிலவர ரிப்போர்ட் எல்லாம் அங்க படிக்கலாம். போலீஸ்காரங்க பார்வையில எழுதுனதுங்குறத மறக்காமப் படிக்கணும், அவ்ளோதான். இன்னொரு வேடிக்கை, அந்த அரசாங்கம் நம்ம பத்திரிகைய எல்லாம் படிச்சு இங்கிலீஷ்ல சுருக்கி வாராவாரம் ரிப்போர்ட் போட்டு வச்சிருக்கு. இதழே அழிஞ்சு போன சில தமிழ்ப் பத்திரிகைல என்ன எழுதியிருந்துச்சுன்னு இன்னைக்கு அந்த வேவு ரிப்போர்ட்ட வச்சுத்தான் தெரியுது. கண்காணிச்சவன் புண்ணியத்துல காப்பாத்தப்பட்ட சரித்திரம்.

மெட்ராஸ் செய்திக்கு சிங்கப்பூர்ல போய் தேடுவேன்னு நான் நெனச்சதே இல்ல. அவங்க தேசிய நூலகம் நடத்துற நியூஸ்பேப்பர்எஸ்ஜில பழைய பேப்பரெல்லாம் வார்த்தை போட்டே தேடலாம், அதுல அங்க இருந்த இந்தியர்களுக்காக நடந்த இந்தியன் டெய்லி மெயில்னு ஒரு பேப்பர், ஊர்ச் செய்தி நெறைய போட்டிருக்கு. சுயமரியாதைக்காரர் கோ.சாரங்கபாணி 1935-ல ஆரம்பிச்ச தமிழ் முரசும் அங்கதான். இலங்கை விஷயம்னா நூலகம் தளம், அதப் பத்தித் தனியா ஒரு போஸ்ட் போடணும், அவ்ளோ இருக்கு.

ஒரு அடி வாங்குன கதையையும் சொல்லிடறேன். ஒரு பெரிய ஸ்கேன் தொகுப்புல இருந்து ஒரு ரிப்போர்ட் எடுத்து, அதுல போட்டிருந்த வருஷத்த நம்பி நோட்ஸ் எல்லாம் எழுதிட்டேன். கடைசியில பாத்தா கேட்டலாக்ல இருந்தது மறுபதிப்பு வருஷம், எனக்கு வேண்டிய அட்டவணை இருக்குற பக்கத்துல ஸ்கேன் பண்ணவரோட கட்டை விரல்தான் இருக்கு. பாதிப் புள்ளிவிவரம் விரலுக்கு அடியில! அப்ப இருந்து எது கிடைச்சாலும் மொதல்ல டைட்டில் பக்கத்தப் பாத்துடுவேன், பக்க நம்பர் தொடர்ச்சியா வருதான்னு ஓட்டிப் பாப்பேன், உடனே டவுன்லோட் பண்ணி ஃபைல் பேர்லயே தேதி, எடுத்த எடம், பக்கம் மூணும் போட்டுடுவேன், ஏன்னா இன்னைக்கு திறக்குற லிங்க் தீபாவளிக்குத் திறக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்ல.

குரூப்புல என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. தீர்ப்பு பி.டி.எஃப்.ப நேரா போட்டேன், ஒருத்தரும் திறக்கல, அத்தை பையன் தம்ஸ்-அப் மட்டும் போட்டான். சரின்னு பேங்க் பக்கத்து ஜெராக்ஸ் கடையில எழுத்தப் பெருசு பண்ணி பிரின்ட் எடுத்து அடுத்த ஞாயிறு சித்தப்பா வீட்டுக்கே கொண்டு போயிட்டேன். மூக்குக் கண்ணாடிய மாட்டிக்கிட்டு திண்ணையில உக்காந்து, செவப்புப் பேனாவால கோடு போட்டுப் போட்டு ஒரு மணி நேரம் படிச்சாரு. சித்தி ரெண்டு தடவ சாப்பிடக் கூப்ட்டாங்க, எழுந்துக்கல. முடிச்சுட்டு கண்ணாடியக் கழட்டி, "அஃபிடவிட்டுல தெரியலன்னு ஜட்ஜு சொல்றாரு, சரி. அந்த அஃபிடவிட் எங்கம்மா?"ன்னாரு.

எனக்கு இது தோணவே இல்ல. நானும் அஃபிடவிட்டப் பாக்கல, அதப் பத்தி ஜட்ஜு எழுதுனதத்தான் பாத்திருக்கேன். அடுத்த மாசம் ரெண்டு நாள் லீவு சொல்லியிருக்கேன், சித்தப்பாவும் கூட வராராம், ரயில் டிக்கெட் அவரே போட்டுட்டாரு.